குறுக்குக் காற்று

“இந்த லிஸ்டைப் போட்ட கையை என் கடைக்குக் கொண்டுவாங்க, எலும்போட சேர்த்துத் துண்டு போட்டுத் தர்றேன்” என்று எழுதியிருந்தது. எழுதியவன் பெயர் ‘கசாப்பு’. கீழே பதினேழு பேர் சிரித்துவிட்டுப் போயிருந்தார்கள். நெவென்கா கைபேசியைச் சாப்பாட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். பிறகு நிமிர்த்தி மறுபடி படித்தாள். நாற்பத்தேழு வயதில், முகம் தெரியாத ஒருத்தனிடம் இப்படி வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டுமா என்று இருந்தது அவளுக்கு. ஆனால் வம்பை விலைக்கு வாங்கியவள் அவள்தான். கடையில் போய் ஒரு கணினியை முழுசாகத் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம். கையில் இருந்த தொண்ணூறாயிரம் தினாருக்கு அப்படி வருவது எதுவும் அவள் வேலைக்கு உதவாது என்று தெரிந்துபோய், பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டுவது என்று முடிவு செய்தாள். அப்படி முடிவு செய்கிற எல்லோரையும் போல, என்னென்ன வாங்கப் போகிறேன் என்று இணையத்தில் கணினி பூட்டுகிறவர்களின் குழு ஒன்றில் எழுதிப் போட்டாள். அங்கே பட்டியலைப் போடுவதும், நாலு பேர் கூடி அதைக் கிழித்துத் தொங்கவிடுவதும் வழக்கம்.

பதினாறு வருஷம் ஒரு ஃபர்னிச்சர் காட்சியறையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குச் சமையலறை வரைந்து கொடுத்தவள் நெவென்கா. அவள் கண் முதலில் அழகைத்தான் தேடும். அதனால் விளக்கு எரிகிற ராம் என்கிற நினைவகப் பட்டையும், மூன்று பக்கம் கண்ணாடி வைத்த பெட்டியும் பட்டியலின் உச்சியில் இருந்தன. பவர் சப்ளை என்ற இடத்தில், இருப்பதிலேயே மலிவாக, பெயர்கூட இல்லாத ஒன்று. ‘அது பவர் சப்ளை இல்ல, பட்டாசு. தீயணைப்பு நம்பரைச் சுவத்துல எழுதி வைங்க’ என்று கசாப்பு அடுத்ததாக எழுதினான். அவளுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. ‘நான் விளையாடுறதுக்கு வாங்கலை. சமையலறைப் படம் போடுறதுக்கு வாங்குறேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள அது ஓடலைன்னா நான் ஆஸ்திரியாவுக்கு, கிராட்ஸுக்கு வேன் ஏறணும், அங்க யாரோ ஒரு கிழவிக்குக் கால் கழுவி விடணும். சிரிக்கிறவங்க நல்லா சிரிங்க’ என்று ஒரே மூச்சில் தட்டி அனுப்பினாள். பிறகு கசாப்பு எழுதினான்: ‘அக்கா, இதை முதல்லயே சொல்லக் கூடாதா?’

அவன் நிஜமாகவே கசாப்புக்காரன்தான். க்ராகுயெவாட்ஸ் ஊரில் கடை. காலையில் பன்றி வெட்டிவிட்டு, மத்தியானம் கடை ஓய்ந்ததும் கறி மேடையைத் துடைத்து அதன்மேலேயே ஊராருக்குக் கணினி பூட்டிக் கொடுக்கிறவன். பெயர் மிலுட்டின் என்றான். அன்றைக்கே தொலைபேசி எண்ணும் கொடுத்தான்.

அவள் எழுதிய வெள்ளிக்கிழமை விவகாரம் பொய்யில்லை. காட்சியறை மார்ச் மாதம் மூடப்பட்டது. நோவி ஸாத் நகரத்தில் ஃபர்னிச்சர் பட்டறை வைத்திருந்த திஹோமிர் என்ற ஆள் அவள் வேலையை அறிந்தவர். “வீட்டிலேர்ந்தே வரைஞ்சு அனுப்பு. ஆனா வாடிக்கையாளர் இப்பல்லாம் வெறும் கோட்டுப் படத்தைப் பார்த்து ஏமாற மாட்டான், நிஜச் சமையலறைக்குள்ள நடந்து போற மாதிரி படம் கேக்குறான். ஒரு சமையலறை வரையத் தர்றேன். வெள்ளிக்கிழமை மூணு மணிக்குள்ள படம் என் கைக்கு வந்தா, திங்கள்லேர்ந்து வேலை உனக்கு” என்று சொல்லியிருந்தார். அந்த மாதிரி படத்தை உருவாக்கிக் கொடுக்க நெவென்காவின் பழைய லேப்டாப்புக்குச் சக்தி இல்லை; திறந்தாலே இழுத்துக்கொண்டு கிடக்கும். இன்னொரு பக்கம் ரூஷா. பள்ளிக்கூடத்திலிருந்து கூடப் படித்தவள், பக்கத்துக் கட்டடம். ஆஸ்திரியாவில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ள எங்கள் ஊர் ரூமாவிலிருந்து பெண்களை வேனில் ஏற்றி அனுப்புகிறவள். மூன்று வாரம் அங்கே, மூன்று வாரம் இங்கே. “வெள்ளிக்கிழமை மூணு மணி வேன்ல ஒரு இடம் இருக்குடி. நீ வரலைன்னா வியாழக்கிழமை சாயங்காலமே சொல்லிடு, எனக்கு ஆள் க்யூல நிக்குது” என்று அவளும் கெடு வைத்திருந்தாள்.

நெவென்கா போனால் மூன்று வாரம் அவள் அப்பா ஸ்வெத்தோசார் தனியாக இருக்க வேண்டும். எழுபத்தாறு வயது. ரயில்வேயில் சிக்னல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை இருக்கிறது, இடது கண் மங்கல், அடுப்பை அணைக்க மறக்கிறவர். “போறதுன்னா போ. எனக்கென்ன, சூப்பைச் சுட வைக்கத் தெரியாதா?” என்று சொல்லிவிட்டு வானொலிப் பக்கம் திரும்பிக்கொண்டார். வானொலி அப்போது ஓடிக்கொண்டிருக்கவில்லை.

அந்த வாரம் முழுக்கப் பாகம் பொறுக்குவதுதான் வேலை. மிலுட்டின் தொலைபேசியில் திட்டிக்கொண்டே சொன்னான், அவள் தாளில் எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள். இரண்டு நாளில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. சமையலறை போடுகிறவர்களிடம் இத்தனை வருஷம் அவள் சொன்னதேதான் இங்கேயும்: கதவுக் கைப்பிடிக்குக் கொட்டிவிட்டுக் கீலில் மிச்சம் பிடித்தால் ஆறு மாதத்தில் கதவு கையோடு வரும். விளக்கு எரிகிற ராம் போயிற்று, சாதா ராம் இரண்டு வந்தது. ப்ராசசர் போன வருஷத்து மாடல். மதர்போர்டில் தேவைக்குமேல் ஒரு துளைகூட இல்லை. பவர் சப்ளைக்கு மட்டும் மிலுட்டின் சொன்னதையே, முனகிக்கொண்டே, நல்லதாக வாங்கினாள்.

கிராபிக்ஸ் கார்டில்தான் இரண்டு பேருக்கும் சண்டை வந்தது. படத்தை உருவாக்குகிற பாதி வேலை அதனுடையது. புதிதாக வாங்கினால் கையிலிருப்பதில் பாதிக்குமேல் அதுவே விழுங்கிவிடும். பழையது பாதி விலைக்கு விளம்பரத்தில் இருந்தது. “வேணாங்க்கா. யாரோ கிரிப்டோ, அந்த இணையக் காசு தோண்டுறேன்னு ராப்பகலா அதைக் கசக்கிப் பிழிஞ்சிருப்பான். உயிர் போற நேரத்துல உங்க தலைல கட்டுறான்” என்றான் மிலுட்டின். அவளுக்கு வேறு வழி இல்லை. நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் நிலையத்தில், காரின் பின்சீட்டில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நின்ற ஒரு இளம் தகப்பனிடம் அதை வாங்கினாள். குழந்தை அழுதது. பொய் சொல்லுகிற முகமா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். தூக்கம் கெட்ட முகம் என்பதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

கடைசியாகப் பெட்டி. நோவி ஸாத் கடையில் இரண்டு பெட்டி மிச்சமிருந்தன. ஒன்று முன்பக்கம் மூடி, வழவழவென்று அலமாரி மாதிரி. இன்னொன்று முன்பக்கம் முழுக்க வலை, உள்ளே மூன்று ஃபேன். விலை ஒன்றுதான். மிலுட்டின் வலை போட்டதைத்தான் வாங்க வேண்டுமென்று சத்தியம் வாங்காத குறை. நெவென்கா கால் மணி நேரம் அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றாள். கடைப்பெண் கையை வலைக்கு முன்னால் நீட்டிக் காட்டினாள். “முன்னாலேர்ந்து இழுத்து பின்னால தள்ளும். நல்ல பெட்டிதான்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா மேசைக்கு அடில வைக்காதீங்க. எங்க சித்தி அப்படித்தான் வச்சாங்க. முழங்கால் பிடிச்சிக்கிச்சு” என்றாள். புழுக்கத்தில் அந்தப் பெண்ணுக்கு வியர்த்து வழிந்தது. கடையில் இருந்த இரண்டு ஜன்னலில் ஒன்றுதான் திறந்திருந்தது.

எங்கள் ஆட்களுக்கு வேறு எதற்கும் பயமில்லை. போரைப் பார்த்தோம், குண்டைப் பார்த்தோம், ஒரே நாளில் ரொட்டி விலை இரண்டு தடவை ஏறியதைப் பார்த்தோம். ஆனால் ப்ரோமாயா என்றால் நடுங்கிப்போவோம். எதிரும் புதிருமாக இரண்டு ஜன்னல் திறந்தால் நடுவில் ஓடுகிறதே, அந்தக் குறுக்குக் காற்று. கழுத்தைப் பிடிக்கும், சிறுநீரகத்தைத் தாக்கும், வாயைக் கோணலாக்கும், பிள்ளை பெறாதவளை மலடியாக்கும். டாக்டர் பட்டம் வாங்கினவர்களும் பேருந்தில் எதிர் ஜன்னலைத் திறந்தால் எழுந்து போய் மூடுவார்கள். நெவென்காவின் வீட்டில் அது வெறும் பேச்சும் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் அம்மா ஒரு ஆகஸ்டு மாதம் வியர்வையோடு பேருந்தில் உட்கார்ந்தாள், யாரோ இரண்டு பக்கமும் ஜன்னலைத் திறந்தார்கள், மூன்றாம் வாரம் அவளைப் புதைத்தார்கள். மருத்துவமனைத் தாளில் இதயம் என்று ஏதோ எழுதியிருந்தது. அந்தத் தாளை ஸ்வெத்தோசார் படிக்கவில்லை. பேருந்தில் அவளுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவர் அவர். எழுந்து ஜன்னலை மூடாதவரும் அவர்தான்.

நெவென்கா வலை போட்ட பெட்டியைத்தான் எடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுவரும்போது ஏதோ திருட்டுச் சாமானைக் கொண்டுவருவதுபோல் இருந்தது.

புதன்கிழமை காலை எட்டிலிருந்து மத்தியானம் வரை சாப்பாட்டு மேசையில் பூட்டினாள். ஸ்வெத்தோசார் ஜூலை வெயிலிலும் இடுப்பில் கம்பளிப் பட்டை கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்து, திருகாணிகளை ஜாம் கிண்ணத்தில் போட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ப்ராசசரை அதன் குழியில் வைத்துக் கொக்கியை அழுத்தும்போது க்ரக் என்று ஒரு சத்தம் வந்தது. இரண்டு பேரும் மூச்சை நிறுத்திக்கொண்டார்கள். அப்படித்தான் சத்தம் வருமாம், மிலுட்டின் பிறகு சொன்னான். எல்லாம் பூட்டி முடித்துப் பொத்தானை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. நெவென்காவுக்கு அழுகை முட்டியது. அரைமணி நேரம் கழித்து, பின்னால் பவர் சப்ளையில் தனியாக ஒரு சுவிட்ச் இருப்பதை ஸ்வெத்தோசார்தான் மங்கல் கண்ணால் கண்டுபிடித்தார். “சிக்னல் போடாம வண்டி எப்படிடா கிளம்பும்?” என்றார் மகளைப் பார்த்து. அப்பாவும் மகளும் சேர்ந்து சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

ஃபேன்கள் சுற்றத் தொடங்கியதும் அவர் சிரிப்பு நின்றது. குனிந்து உள்ளங்கையை வலைக்கு முன்னால் வைத்தார், பிறகு பின்பக்கம் வைத்தார்.

“காத்து வருது.”

“வரணும்பா. உள்ள சூடாவும்ல.”

“மூணு ஃபேனா? இடுப்புக்கு நேரா? இதுக்கு முன்னாடி நீ நாள் பூரா உக்காரப் போறியா?”

“அப்பா, இது இத்துனூண்டு காத்து. நீ சும்மா இரு.”

அவர் சும்மா இருந்தார். அதை நெவென்கா கவனித்திருக்க வேண்டும். ஸ்வெத்தோசார் ஒரு வாக்குவாதத்தை இரண்டாவது வரியிலேயே விட்டுவிடுகிற ஆள் இல்லை. அவளுக்குத் தலைக்குமேல் வேலை இருந்தது. பெட்டியை மேசைக்கு அடியில், முதுகு சுவரைப் பார்க்க, வைத்தாள். அன்று சாயங்காலம் வரை திஹோமிர் கொடுத்த சமையலறையை வரைந்தாள். ஆலிவ் நிற அலமாரி, கல் மேடை, ஜன்னலோரம் இரண்டு பேர் உட்கார ஒரு பலகை. கணினி வெண்ணெயாக ஓடியது. இரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

வியாழன் காலை அவள் ரொட்டியும் பாலும் வாங்கிவந்து, படம் உருவாக்குகிற வேலையைத் தொடங்கினாள். ஆறரை மணி நேரம் ஆகும் என்று திரையில் காட்டியது. நாற்பதாவது நிமிடம் பட்டென்று திரை கறுத்தது. ஃபேன் நின்றது. மறுபடி போட்டாள், முப்பது நிமிடம். மூன்றாவது தடவை இருபது. பெட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியைத் தொட்டால் கை சுட்டது. மிலுட்டினைக் கூப்பிட்டாள். பின்னால் எலும்பு அறுக்கிற இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

“வலைப் பெட்டிதானே வாங்கினீங்க? அப்ப காத்துக்குக் குறை இல்ல. கார்டுதாங்க்கா. தோண்டித் தோண்டி உள்ள எல்லாம் காஞ்சு கிடக்கும். நான்தான் சொன்னேனே” என்றவன், உடனே குரலைத் தணித்து, “திட்டலங்க்கா. எனக்கும் மனசு கேக்கல” என்றான்.

பெட்ரோல் நிலையத்துத் தகப்பனின் எண்ணுக்கு அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. தன்மேல்தான் வந்தது. ஒரு வாரம் எல்லோரையும் எதிர்த்துப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, கடைசியில் எது உயிரோ அதிலேயே மிச்சம் பிடித்தாயே முட்டாள் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். மேசையடியில் குனிந்து அந்தப் பெட்டியைக் காலால் ஒரு எத்து எத்தினாள். ஐந்து மணிக்கு ரூஷாவுக்குச் சொல்லிவிட்டாள். “வர்றேன்டி.” ரூஷா, “நல்லா யோசிச்சுத்தானே சொல்ற?” என்றாள். நெவென்கா தொலைபேசியை வைத்துவிட்டாள். ஸ்வெத்தோசார் கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். போய்ப் படுத்தார்.

வெள்ளிக்கிழமை விடிகிறபோது நல்ல மழை கொட்டி ஓய்ந்திருந்தது. வெளியே குளிர்ந்துவிட்டது, மூன்றாவது மாடி வீட்டுக்குள் ஒரு வாரத்து வெயில் அப்படியே சுவரில் இருந்தது. நெவென்கா பயணப் பெட்டியில் துணி அடுக்கினாள். அப்பாவின் மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று பிரித்து வைத்தாள். மூன்று வாரத்துக்கு வருமா என்று எண்ணிக்கொண்டிருந்தபோது அவர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். நேற்றைய சட்டையையே போட்டிருந்தார்.

“நெவென்கா. அந்த மெஷினுக்குக் காத்து வேணும்னு சொன்னியே. நிஜமாவா?”

“இப்ப என்னத்துக்குப்பா அது?”

“இல்ல, அது இல்லாம ஓடாதா? கொஞ்சம் கூடவா ஓடாது?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. அவள் எழுந்து போய், மேசைக்கு அடியிலிருந்து கணினிப் பெட்டியை இழுத்து, முதுகைத் திருப்பினாள். பின்பக்கம் ஓட்டை என்று ஒன்றுகூட இல்லை. பழுப்பு நிறப் பார்சல் டேப், நான்கு வரிசை, ஒரு சுருக்கம் இல்லாமல் நேர்த்தியாக ஒட்டியிருந்தது. மேல்பக்கமும் அப்படியே. முன்பக்க வலையைக் கழற்றினாள். உள்ளே, அளவெடுத்து வெட்டின இரண்டு மடிப்பு ஃபிளானல் துணி. அவருடைய பழைய இரவுச் சட்டை அது, நீலக் கோடு போட்டது.

“எப்ப செஞ்ச?”

“நீ ரொட்டி வாங்கப் போனப்ப.”

“எதுக்குப்பா?”

“உன் இடுப்புல நேரா அடிச்சிச்சு.” அவர் குரல் உடைந்தது. “ஒருத்திய அப்படி உக்கார வச்சுப் பாத்துட்டு இருந்தேன். இன்னொரு தடவை முடியாதுடா.”

நெவென்காவுக்கு வந்த கோபத்தில் அந்தத் துணியைச் சுவரில் எறிந்தாள். “அதுக்கு? காத்துலேர்ந்து என்னைக் காப்பாத்தி வேன்ல ஏத்தி விடப் பாத்தியே! நேத்து பூரா நான் அழுதது உனக்குக் கேக்கலையா? அப்பயாவது வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?” என்று கத்தினாள். கத்திக்கொண்டே டேப்பை நகத்தால் பிய்த்தாள். அவ்வளவு உறுதியாக ஒட்டியிருந்தார், பாவி மனுஷன். அவரும் பக்கத்தில் வந்து முழங்கால் போட்டு உட்கார்ந்து, விரலால் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தார். கடைசித் துண்டு வரும்போது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். மணி எட்டே கால்.

எட்டரைக்குத் தொடங்கினாள். ஆறரை மணி நேரம். எல்லாம் ஒழுங்காகப் போனால் மூன்று மணிக்குச் சரியாக முடியும், அங்கே இங்கே ஒரு நிமிடம் முன்பின் ஆகலாம். ரூஷாவைக் கூப்பிட்டு, “வரலை” என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொல்லத் துணியவில்லை. முடியாமல் போனால் இந்த வேனும் போய்விடும். அடுத்ததில் இடம் எப்போது கிடைக்குமோ. மூட்டை கட்டியது கட்டியபடி வாசலில் இருந்தது. நாற்பதாவது நிமிடம் வந்தது, போயிற்று. நெவென்கா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு மேல் ஓட்டம் தளர ஆரம்பித்தது. நிற்கவில்லை, மெதுவாயிற்று. மீதி மூன்றரை மணி என்று காட்ட வேண்டிய இடத்தில் நாலேகால் என்று காட்டியது. பிறகு நாலரை. சூடு தாங்காமல் அதுவாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்றான் மிலுட்டின் தொலைபேசியில். “அறை குளுமையாத்தானே இருக்கு? ஜன்னல் திறந்திருக்குல்ல?” என்று கேட்டான். ஒரு ஜன்னல் திறந்திருந்தது. அறைக்கதவு சாத்தியிருந்தது. அடுக்களையில் சூப் கொதித்த வெப்பம் வேறு. வெளியே லிண்டன் மரங்கள் ஆடிக்கொண்டிருந்தன, உள்ளே ஒரு காகிதம்கூட அசையவில்லை. நெவென்கா ஒரு அட்டையை எடுத்துப் பெட்டிக்கு விசிறினாள். கை வலித்தது.

“எவ்வளவு காட்டுது?” என்றார் ஸ்வெத்தோசார் பின்னாலிருந்து.

“முடிய நாலு மணிக்கு மேல ஆகும்பா. முடியாது.”

அவர் எழுந்து போனார். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது தலையில் காது மூடுகிற குளிர்காலத் தொப்பி, கழுத்தில் இரண்டு சுற்று மப்ளர், சட்டைக்குமேல் கம்பளிக் கோட்டு. முகத்தில் ரத்தம் இல்லை. அறைக்கதவை அகலத் திறந்தார். அடுக்களைக்குப் போய் அங்கிருந்த ஜன்னலைத் திறந்தார். பதினோரு வருஷமாக இந்த ஜன்னலும் அந்த ஜன்னலும் ஒரே நேரத்தில் திறந்ததில்லை. கீல் கிரீச்சிட்டது. அடுத்த நொடி திரைச்சீலை படாரென்று எழுந்து கூரையைத் தொட்டது, மேசையிலிருந்த தாள்களெல்லாம் பறந்தன, அறைக்கதவு அறைந்து சாத்திக்கொள்ளப் போனது. ஸ்வெத்தோசார் காலை நீட்டி அதைத் தடுத்தார். நாற்காலியை இழுத்து, கதவில் காலை ஊன்றியபடியே, காற்றுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

“அப்பா, வேணாம். நீ உள் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கோ. கதவுக்கு நான் ஏதாவது முட்டு வைக்கிறேன்.”

“நீ காத்துல உக்காந்திருப்ப, நான் உள்ள போய்ப் போத்திக்கிட்டுப் படுத்துக்கணுமா?” என்றார் அவர். “வேலையைப் பாரு.”

போர்வையை எடுத்து வந்து அவர் முழங்காலில் போட்டாள், இடுப்பைச் சுற்றிச் செருகினாள். அவர் அவள் இடுப்பைக் காட்டி, “உனக்கு?” என்றார். தன் கம்பளிப் பட்டையை அவிழ்த்து நீட்டினார். அவள் வாங்கிக் கட்டிக்கொண்டாள். திரையில் நாலரை நாலாயிற்று, நேரம் போகப் போக மூன்று, இரண்டு என்று இறங்கியது. ஒரு மணிக்கு அவருக்கு மடியிலேயே சூப்பைக் கொடுத்தாள். காலைக் கதவிலிருந்து எடுக்காமல் குடித்தார்.

மூன்று அடிக்க இரண்டு நிமிடத்தில் கீழே வேன் ஹாரன் கேட்டது. திரையில் தொண்ணூற்று ஏழு சதவீதம். நெவென்கா அசையவில்லை. மறுபடி ஹாரன். பிறகு படிக்கட்டில் யாரோ தடதடவென்று ஓடிவருகிற சத்தம், பூட்டாத வாசல்கதவு திறந்தது. ரூஷா. மூச்சிரைக்க, கண் கலங்கி, ஒரு கை நெஞ்சில்.

“எப்ப... எப்படி ஆச்சு? நெவென்கா, மாமாவுக்கு...” என்றவள் நாற்காலியில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். “அட கடவுளே! உசிரோடதான் இருக்கீங்களா!”

சாவு விழுந்த வீட்டில்தான் உயிர் வெளியே போக ஜன்னலையெல்லாம் திறந்துவிடுவார்கள். வேனில் கட்டடத்தைச் சுற்றிவந்து அண்ணாந்து பார்த்தவள், ஸ்வெத்தோசார் வீட்டு ஜன்னல்கள் இரண்டும் அகலத் திறந்து கிடக்கிறதைக் கண்டு வேறென்ன நினைப்பாள்?

“இருக்கேன். சத்தம் போடாத” என்றார் அவர்.

“பின்ன என்ன இது? ரெண்டு பக்கமும் திறந்து போட்டு நடுவுல உக்காந்துட்டு... பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு?” ரூஷாவின் கை தானாகவே ஜன்னலுக்குப் போனது.

“தொட்டே, கையை ஒடிச்சிருவேன்.”

ரூஷா கையை இழுத்துக்கொண்டாள். நெவென்காவைப் பார்த்தாள், வாசலில் கட்டி வைத்திருந்த பயணப் பெட்டியைப் பார்த்தாள். “வேன் நிக்குதுடி. எல்லாரும் ஏறியாச்சு. வர்றியா, இல்லையா?”

“பத்து நிமிஷம்.”

“எனக்குப் பத்து நிமிஷம் இல்ல.”

நெவென்கா திரையைப் பார்த்தாள். கைபேசியில் திஹோமிரிடமிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது: ‘வாடிக்கையாளர் வந்து உக்காந்தாச்சு. காப்பி குடுத்து உக்கார வச்சிருக்கேன்.’ தொண்ணூற்று எட்டு. கீழே டிரைவர் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. திரைச்சீலை ஜன்னலுக்கு வெளியே போய்ப் படபடத்துவிட்டு உள்ளே வந்தது. ரூஷா தன் கழுத்துத் துணியை இழுத்துக் காதுவரை சுற்றிக்கொண்டு, திட்டிக்கொண்டே, சுவரோரம் ஒண்டி நின்றாள். போகவும் இல்லை. தொண்ணூற்று ஒன்பது.

அப்போது ஸ்வெத்தோசார் தும்மினார். ஒன்று, உடனே இன்னொன்று. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நெவென்கா பாதி எழுந்தாள். அவர் தொப்பியைக் காதுக்குமேல் இன்னும் இறக்கிவிட்டுக்கொண்டு, திரையைப் பார்க்கச் சொல்லிக் கண்ணைக் காட்டி, கதவில் ஊன்றிய காலை மாற்றி ஊன்றினார். அவள் உட்கார்ந்தாள். ஜன்னல் பக்கம் யாரும் போகவில்லை.